கடல் அல்லியின் மெலிந்த கை

அருங்காட்சியகத்தின் பின்வாசலில் வேனை நிறுத்திக் கதவைத் திறந்ததுமே, "இதைச் சும்மாவே குடுத்துடறேன்க்கா" என்றான் தம்பி. அந்த ஒரு வார்த்தையிலேயே அக்காவின் புருவம் ஏறிவிட்டது.

விலை சொல்லியிருந்தால் அவளுக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது. சின்ன வயதில் பாதி கடித்த பென்சிலைக்கூடப் பதிலுக்கு ஒன்று வாங்காமல் கொடுத்தறியாதவன் அவன். அவன் வாயில் "சும்மா" என்ற சொல் வந்தால், எலி அம்மணமாக ஓடுகிறது என்று அர்த்தம். காரணம் இல்லாமல் ஓடாது.

அருங்காட்சியகத்தில் அவளுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். பின்கட்டுப் பட்டறையில் உட்கார்ந்து, பாறைக்குள் அடைபட்டுக் கிடக்கும் பழைய உயிர்களை ஊசியாலும் தூரிகையாலும் வெளியே எடுப்பது அவள் வேலை. காதோர முடி நரைக்கிற அளவுக்கு அதே நாற்காலியில் இருந்துவிட்டாள். பால் பாக்கெட்டின் தேதியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். கடைக்காரன் சிரித்துப் பேசினால் எடையைத் திரும்பப் போடச் சொல்வாள். நகரப் பேருந்து ஓட்டும் அவள் கணவர், "நான் வீட்டுக்கு வந்துட்டேன்னு சொன்னாக்கூட, செருப்பை எட்டிப் பார்த்துட்டுத்தான் நம்புவா" என்று கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார்.

தம்பிக்கும் பெயர் உண்டு. 'சரடு.' வாயைத் திறந்தால் சரடு விடுவான் என்று தெருப் பையன்கள் வைத்தது, அவனோடு சேர்ந்து அதுவும் வளர்ந்துவிட்டது. ஒரு காலத்தில் தொல்லுயிர்க் கற்கள் விற்கும் கடை வைத்திருந்தான். அவனிடம் ஒரு கல்லூரிக்காரர்கள் கல்லில் பதிந்த மீன் ஒன்றை வாங்கி, சரிபார்க்கச் சொல்லி இவளிடம் கொண்டுவந்தார்கள். அசிட்டோன் நனைத்த பஞ்சால் இவள் ஒரு தடவு தடவியதும் மீனின் வால் பஞ்சோடு வந்துவிட்டது. தம்பி கடைச் சரக்கு என்று தெரிந்தே, எல்லார் முன்னாலும் "இது போலி" என்றாள். கடை மூடியது. அதற்குப் பிறகு கல்யாணம், சாவு என்று சொந்தக்காரர்கள் கூடும் இடங்களில் மட்டும் "எப்படி இருக்கே", "இருக்கேன்" என்பதோடு சரி. இப்போது அவன் ஒரு கல் அறுக்கும் பட்டறைக்கு வேன் ஓட்டுகிறான்.

அவனும் காவலாளியும் சேர்ந்து பலகைக் கல்லைத் தூக்கி மேசையில் வைத்தார்கள். போர்வையை விலக்கினான்.

அவள் மூச்சு ஒரு கணம் நின்றது உண்மை. சாம்பல் நிற மண்கல்லில் ஏழு கடல் அல்லிகள், தண்டும் கிண்ணமும் கைகளுமாக, முழுசாக. காற்றடிக்கும் வயலில் பயிர் சாய்ந்ததுபோல எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தன.

அந்த "முழுசாக" என்பதில்தான் வில்லங்கம் இருந்தது. கடல் அல்லி என்பது பெயருக்குத்தான் பூ. உண்மையில் அது விலங்கு, நட்சத்திர மீனுக்குப் பங்காளி முறை. கடல் தரையில் தண்டை ஊன்றி நின்று, மேலே கைகளை இதழ்போல் விரித்து, நீரில் மிதந்து வரும் துகள்களைப் பிடித்துத் தின்னும். உடம்பு முழுவதும் குட்டிக் குட்டிச் சுண்ணத் தகடுகள். அவற்றைக் கட்டிப் பிடித்திருப்பது மெல்லிய நார். உயிர் போனால் சில நாட்களில் நார் அழுகிவிடும். நூல் அறுந்த மணிமாலைபோலத் தகடுகள் உதிர்ந்து கடலடியில் சிதறிவிடும். அதனால்தான் பாறைகளில் தண்டின் வட்டச் சில்லுகள் கைகொள்ளாமல் கிடைக்கும். முழு அல்லி கிடைக்காது. உயிரோடு நிற்கும்போதே சேறு சரிந்து வந்து ஒரேயடியாக மூடினால்தான் உண்டு. ஆக, முழு அல்லியைக் கண்டால் விவரம் தெரிந்தவர்கள் முதலில் மகிழ மாட்டார்கள். யார் ஒட்டியது என்றுதான் பார்ப்பார்கள்.

"எங்கேருந்து எடுத்தே?"

"கல்குவாரில. வெட்டுக்கு உதவாத மண்கல்லுன்னு கழிவு மேட்டுல தள்ளியிருந்தாங்க. ரெண்டா உடைஞ்சு கிடந்தது. நடுவுல மட்டும் ஒட்டியிருக்கேன், இதோ, இந்தக் கோடு. அதை முதல்லயே சொல்லிடறேன்."

"கேட்டுட்டு எடுத்தியா, கேக்காம எடுத்தியா?"

"மேஸ்திரி நம்பர் தர்றேன். நீயே கேளு."

அவள் அங்கேயே நின்று கேட்டாள். மறுமுனையில் மேஸ்திரி, "அந்தக் குப்பையா? அள்ளிட்டுப் போனதுக்கு நான்தாம்மா அவருக்கு நன்றி சொல்லணும்" என்று சிரித்தார். அவர் சிரித்ததும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

பிறகு குனிந்து ஒவ்வோர் அல்லியாகப் பார்த்தாள். ஓரத்தில் கிடந்ததில் கண் நின்றது. அதன் கைகளில் ஒன்று கம்பளி ஊசித் தடிமனில் பாதி தூரம் வந்து, திடீரென்று தையல் ஊசித் தடிமனுக்கு இறங்கியிருந்தது. பெரியவன் சட்டையில் குழந்தையின் கையைத் தைத்ததுபோல. அவள் பார்வை அங்கே போனதும் தம்பி தொண்டையைச் செருமினான்.

"என்னடா இது?"

"எது?"

"இந்தக் கை."

"அது அப்படியேதான்க்கா இருந்தது."

மீன் விஷயத்திலும் இதே வாக்கியத்தைத்தான் சொன்னான்.

"சரி, உனக்கு இதுல என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம். நீ நல்லாப் பாரு. உன் பாணியிலயே பாரு. பார்த்துட்டு என்ன தோணுதோ அதைச் சொல்லு. எனக்கு அது போதும்."

அவன் போன பிறகும் வேனின் புகை பின்வாசலில் நின்றது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுகிறது என்று நினைத்துக்கொண்டாள். ஆடு எது என்றுதான் தெரியவில்லை.

அருங்காட்சியகக் காப்பாளர் இளைஞர், சாது. கல்லைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "ஏழு முழு அல்லி! நம்மகிட்ட இருக்கறதெல்லாம் உதிர்ந்த தண்டுதான்" என்றார்.

"அவசரப்படாதீங்க சார். அந்த ஓரத்துக் கையைப் பாருங்க."

பார்த்தார். முகம் கொஞ்சம் வாடியது. "ம். விசித்திரமாத்தான் இருக்கு. குடுத்தவர் உங்க தம்பியாச்சே, வெளியில வேற யாரையாவது பார்க்கச் சொல்லட்டுமா? உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான்."

"வேலைன்னு வந்துட்டா எனக்குத் தம்பியும் கிடையாது, தங்கையும் கிடையாது சார்."

"சரி. ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுக்கற நண்பர் ஒருத்தர் இருக்கார். அடுத்த வாரம் கொண்டுபோய் உள்ள என்ன இருக்குன்னு பார்த்துடலாம். அதுவரைக்கும் மேலோட்டமா சோதிச்சு வைங்க. சுரண்டற ஊசி மட்டும் வைக்காதீங்க."

அவள் தலையாட்டினாள்.

அன்றே திரைச்சீலைகளை இழுத்து விட்டு, புற ஊதா விளக்கைப் பிடித்தாள். பசை இருந்தால் அந்த வெளிச்சத்தில் வெளிர் நீலமாக மின்னும். நடுவில் இருந்த கோடு மின்னியது. அவன் சொன்ன இடம்தான். வேறெங்கும் ஒரு பொட்டுகூட மின்னவில்லை. மெலிந்த கையின் வேரிலும் இல்லை.

வேறொருத்தியாக இருந்தால் நிம்மதி அடைந்திருப்பாள். இவளோ, மின்னாத பசையும் கடையில் கிடைக்கிறது, அதைத் தேடிப் பிடித்து வாங்கியிருக்கிறான் என்று முடிவு செய்தாள். நடுக்கோட்டை அவனே காட்டிக் கொடுத்தது எதற்கு? இவள் கண் அங்கேயே நிற்கட்டும் என்றுதான்.

பஞ்சில் அசிட்டோன் நனைத்துத் தடவினாள். எதுவும் கரையவில்லை. பழுக்கக் காய்ச்சிய குண்டூசியால் கையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிளாஸ்டிக் ரெசினாக இருந்தால் உருகி நாறும். உருகவில்லை, நாறவில்லை. அப்படியானால் கை கல்தான். கல் என்றால்? வேறொரு சின்ன அல்லியின் உண்மையான கையைப் பெயர்த்து இங்கே நட்டிருக்கிறான். கெட்டிக்காரன்! ஒவ்வொரு சோதனையிலும் கல் தேறத் தேற, அவள் கணக்கில் தம்பியின் கள்ளத்தனம் ஒரு படி உயர்ந்துகொண்டே போனது.

இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னாள்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்றார் அவர்.

"மீன் விஷயத்துல நான் அரண்டேனா?"

"அது பாம்பு. ஒத்துக்கறேன். அதுக்காகக் கயிறைப் பார்த்தாலும் கம்பை எடுப்பியா?"

"இந்தக் கயிறு நெளியுதுங்க."

"நெளியறது கயிறா, உன் கண்ணான்னு பார்த்துக்கோ. அவனும் மனுஷன்தானே. மாறியிருக்கக் கூடாதா?"

"நாய் வாலை..." என்று ஆரம்பித்தவள், கணவர் கையைக் கழுவ எழுந்துவிட்டதால் நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் மதியம் தம்பி சுமை ஏற்றி வெளியூர் போயிருப்பான் என்று அவனுடைய கல் பட்டறைக்கு போன் செய்து உறுதிப்படுத்திக்கொண்டு, பழம் வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள். தம்பி மனைவி பள்ளிச் சீருடை தைப்பவள். தையல் இயந்திரத்தை விட்டு எழுந்து வாசலுக்கு ஓடி வந்தாள்.

"அண்ணி! நீங்களா? வாங்க வாங்க. வழி தெரிஞ்சுதா? எத்தனை வருஷம் ஆச்சு!" அவள் கண் கலங்கிவிட்டது. நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளித் தரையில் போட்டு உட்கார வைத்தாள். "அவர் சொல்லிட்டே இருந்தார், அக்காகிட்ட ஒரு நாள் போகணும், போகணும்னு. போயிட்டு வந்து நேத்து ராத்திரிதான் நல்லாத் தூங்கினார் அண்ணி."

நல்லாத் தூங்கினானா? வேலை முடிந்துவிட்ட நிம்மதி என்று குறித்துக்கொண்டாள் அக்கா. "என்ன பண்ணிட்டிருந்தான் இத்தனை நாளா?" என்று, ஏதோ பேச்சுக்குக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"எனக்கு எங்கே தெரியும்? வேலை விட்டு வந்ததும் நேரே ஷெட்டு. ரெண்டு மாசமா அதே கதி. கதவைச் சாத்திப்பார். உள்ளே அரம் தேய்க்கற சத்தம் கேக்கும். கேட்டா, 'கல்லு'ங்கறார். கல்லைக் கட்டிக்கிட்டு அழுங்கன்னு விட்டுட்டேன்."

அரம். அக்காவுக்கு அதற்குமேல் உட்கார முடியவில்லை. "பாத்ரூம் பின்பக்கம்தானே?" என்று எழுந்தாள்.

ஷெட்டுக்குப் பூட்டு இல்லை, கொக்கிதான். உள்ளே தகரக் கூரை வெப்பத்தை இறக்கிக்கொண்டிருந்தது. மேசையில் முட்டை அடுக்கும் அட்டைத் தட்டுகள். ஒவ்வொரு குழியிலும் கடல் அல்லிகளின் உதிர்ந்த கைகள், தடிமன் வாரியாக. பக்கத்தில் பசைக் குழாய், நைசான அரம், ஒரு கண்ணாடிப் புட்டியில் சாம்பல் நிறக் கல்பொடி. பசையோடு குழைத்துப் பூசினால் இணைப்பு தெரியாமல் மறைக்கும் பொடி அது. இவளே அருங்காட்சியகத்தில் உடைந்த மாதிரிகளுக்கு அதைச் செய்திருக்கிறாள்.

கள்வன் இல்லையே தவிர, களவு கண் முன்னால் விரிந்து கிடந்தது. அவளுக்கு ஏற்பட்டது கோபம்கூட இல்லை, ஒருவிதத் திருப்தி. நான் சொன்னேன் இல்லையா என்கிற திருப்தி. அது வந்ததற்காகக் கொஞ்சம் வெட்கமும் வந்தது; அதை ஓரமாக வைத்தாள். தனியாக ஒரு தாளில் கிடந்த கையொன்றை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றி இடுப்பில் செருகினாள். சாட்சி வேண்டுமே.

வெளியே வந்தால், தண்ணீர்ச் செம்போடு தம்பி மனைவி நிற்கிறாள்.

"அண்ணி, பாத்ரூம் அந்தப் பக்கம்."

"வழி தவறிட்டேன்மா."

ஷெட்டின் கொக்கி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. தம்பி மனைவி அதைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள். செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கொக்கியை மாட்டினாள்.

அடுத்த நாள் காலை, காப்பாளர் வருவதற்குள் அக்கா பட்டறையில் இருந்தாள். ஸ்கேன் வரை காத்திருக்கத் தேவை இல்லை என்று அவளுக்குப் பட்டது. திருட்டுத்தான் தெரிந்துவிட்டதே; இணைப்பை மட்டும் வெளியே எடுத்துக் காட்டினால் போதும். நுண்ணோக்கியை இழுத்து வைத்தாள். காற்றழுத்தத்தில் துடிக்கும் ஊசியைக் கையில் எடுத்தாள். ஒரு முறை கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தாள்.

தடித்த பாகம் மெலியும் இடத்துக்குக் கீழே, பாறையைப் பொடிப்பொடியாகச் சுரண்டிக்கொண்டு போனாள். பசை இருந்தால் ஊசி பிசுபிசுக்கும். பிசுபிசுக்கவில்லை. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். 'டிக்' என்று ஒரு சத்தம். மெலிந்த கை தெறித்து, அவள் முழங்கை ஓரம் வந்து விழுந்தது.

உடைந்த முகத்தை நுண்ணோக்கியின் கீழே வைத்தாள்.

அது கண்ணாடிச் சில்லுபோல் பளீரென்று மின்னியது. கடல் அல்லியின் ஒவ்வொரு தகடும் ஒரே படிகம். உடைந்தால் வழவழவென்று தட்டையாக உடைந்து, ஒரே சாய்வில் ஒளி வீசும். இங்கே தடித்த கையின் கடைசித் தகட்டில் ஒரு விளிம்பு எழும்பியிருந்தது, ஆறிய காயத்தின் தழும்புபோல. அந்த விளிம்பிலிருந்தே மெலிந்த கை தொடங்கியது. உடைப்பு இரண்டையும் சேர்த்தே பிளந்திருந்தது. கல்லைத் திருப்பத் திருப்ப, தழும்பும் தகடும் ஒன்றாக மின்னின, ஒன்றாக அணைந்தன. நடுவில் மயிரிழைகூட இணைப்பு இல்லை.

மூச்சை அடக்கிக்கொண்டு, கை பெயர்ந்து வந்த பள்ளத்தைப் பார்த்தாள். மெலிந்த கையின் பக்கக் கிளைகள், தூசியைவிட மெல்லியவை, இன்னும் யாரும் திறக்காத பாறைக்குள் இறங்கிப் போயிருந்தன. மனிதக் கை அங்கே போயிருக்கவே முடியாது.

ஊசியின் காற்றை நிறுத்தினாள். பட்டறை திடீரென்று அமைதியானது.

காப்பாளரிடம் அவளே போய்ச் சொன்னாள். அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலாம். "ஊசி வைக்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் நுண்ணோக்கியில் குனிந்தார். வெகுநேரம் கழித்து நிமிர்ந்தார்.

"இது திரும்ப முளைச்ச கை. ஏதோ மீன் கடிச்சிருக்கு. புதுசா ஒண்ணு வளர ஆரம்பிச்சு, பாதி வளர்த்தியிலயே சேறு வந்து மூடிடுச்சு. பல்லிக்கு வால் முளைக்கற மாதிரி."

"தெரியும் சார்" என்றாள்.

உண்மையில் தெரியும். உயிருள்ள கடல் அல்லிகள் இழந்த கையைத் திரும்ப வளர்த்துக்கொள்ளும் என்று படித்திருக்கிறாள்; படம்கூடப் பார்த்திருக்கிறாள். வேறு யார் இந்தக் கல்லைக் கொண்டுவந்திருந்தாலும் முதல் பார்வையிலேயே அது நினைவுக்கு வந்திருக்கும். கொண்டுவந்தவன் தம்பி என்பதால் வரவில்லை.

"அவரைக் கூப்பிட்டுச் சொல்லணும்" என்றார் காப்பாளர். "நான் சொல்லவா?"

"வேண்டாம் சார். நானே."

தம்பி மாலையில் வந்தான். கல்பொடி படிந்த சட்டையோடு மேசைக்கு எதிரே நின்றான். அவள் எதையும் சுற்றி வளைக்காமல், "உன் கல்லு சுத்தம்டா. ஏழும் உண்மை. அந்தக் கையும் உண்மை" என்றாள். பிறகு சின்னப் பெட்டியைத் திறந்து, உடைந்த கையைக் காட்டினாள். "இதை நான் உடைச்சிட்டேன்."

அவன் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஷெட்டுக்கும் வந்தியாமே" என்றான் கடைசியில்.

"வந்தேன். அந்தத் தட்டெல்லாம் எதுக்குடா? பசை, அரம், பொடி? அதைப் பார்த்தா யாருக்குத்தான் சந்தேகம் வராது?"

"வரணும்தான். தப்பு பண்ணத்தான் சேர்த்தேன்." அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். "முதல்ல இதை விக்கத்தான்க்கா பார்த்தேன். வந்தவங்க எல்லாம் அந்தக் கையைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க, சிரிச்சாங்க. 'சரடு, பழைய வேலையை ஆரம்பிச்சிட்டியா'ன்னு கேட்டாங்க. சத்தியம் பண்ணிப் பார்த்தேன். என் சத்தியத்தை யார் வாங்குவா? அப்புறம் யோசிச்சேன். இந்தக் கையைப் பேத்துட்டு, தடியா ஒண்ணு வச்சுட்டா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்கன்னு. குவாரி மண்ணைச் சலிச்சு, உதிர்ந்த கையெல்லாம் பொறுக்கினேன். அரத்தால தேய்ச்சுத் தேய்ச்சுப் பார்த்தேன். அச்சா பொருந்தற மாதிரி ஒண்ணு கிடைச்சுது. பொய்யை வச்சாத்தான் உண்மைன்னு நம்புவாங்கபோல. என்ன கூத்துப் பாரு."

"ஆனா வைக்கலையே."

"உளியை எடுப்பேன், வைப்பேன். எடுப்பேன், வைப்பேன். மனசு வரலை. அப்பத்தான் உன்கிட்ட கொண்டுவரலாம்னு தோணுச்சு. கூடப் பிறந்தவனையே விடாதவள்னு ஊருக்கே தெரியும். நீ சரின்னு ஒரு வார்த்தை சொன்னா, எவனும் வாயைத் திறக்க மாட்டான்."

அவன் பெட்டியைத் தன் பக்கம் நகர்த்தி, உடைந்த கையை விரலால் தொடாமல் பார்த்தான்.

"ரெண்டு மாசம் நான் பேக்காம வச்சிருந்ததை, நீ ஒரே காலையில பேத்துட்டியேக்கா."

அவள் மேசை இழுப்பறையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்து, ஷெட்டிலிருந்து கொண்டுவந்த துண்டை அவன் முன்னால் வைத்தாள்.

"இதுவா அந்த அச்சாப் பொருந்தறது?"

"ஆமா. நேத்து ராத்திரி முழுக்கத் தேடினேன்." ஒரு நொடி அவளை நிமிர்ந்து பார்த்தான். "நீ எடுத்துட்டுப் போயிருப்பேன்னு மட்டும் தோணவே இல்லை. பாரு, எனக்குச் சந்தேகப்படத் தெரியலை."

சிரிப்பதற்காகத்தான் சொன்னான். இரண்டு பேருக்குமே சிரிப்பு வரவில்லை. வேன் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

அக்கா தன் அறிக்கையை எழுதினாள்: கல் உண்மையானது, ஓரத்து அல்லியின் கை உயிரோடிருக்கும்போதே இழந்து மீண்டும் வளர்ந்தது, சோதனையின்போது அதை உடைத்தது நான். உடைந்த கையைத் திரும்ப ஒட்டிவிடலாம் என்று அவள் சொன்னதற்கு, வேண்டாம் என்றார் காப்பாளர். "உடைஞ்ச முகம் வெளியிலயே இருக்கட்டும். பார்க்கறவங்களுக்கு அதுதான் ஆதாரம்." ஸ்கேன் எடுக்கும் நண்பரும் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரி இயந்திரத்துக்கு ஒரு வேலை மிச்சம் என்று சொல்லிப் போனார்.

கல் முன்கூடத்துக்குப் போனது. கண்டெடுத்தவர் என்று தம்பியின் பெயரைப் பெரிய எழுத்தில் பொறித்து வைத்தார்கள். முன்பு சிரித்துவிட்டுப் போன வியாபாரிகளில் ஒருவர் அங்கே வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, வெளியே வந்து அவனுக்கு போன் செய்தாராம். குவாரி மேஸ்திரியும் கழிவு மேட்டில் எதையாவது தள்ளுவதற்கு முன்னால் இப்போது அவனைக் கூப்பிட்டுக் காட்டுகிறார் என்று கேள்வி. இதையெல்லாம் அக்கா கணவர் வாயிலாகத்தான் தெரிந்துகொண்டாள். மச்சினன் மாமாவுக்குத்தான் போன் செய்தான், அக்காவுக்குச் செய்யவில்லை.

"நீயே போய் ஒரு வார்த்தை பேசிட்டு வா" என்றார் கணவர். "அவன்கிட்ட இல்லை. அவன் பொண்டாட்டிகிட்ட. அவளைத்தான் நீ ஏமாத்தினே."

அது உண்மைதான். ஒரு விடுமுறை நாளில், கையில் எதுவும் கொண்டுபோகாமல் போனாள். தம்பி மனைவி தையல் இயந்திரத்தில் இருந்தாள். இந்த முறை ஓடி வரவில்லை. கால் மிதியை நிறுத்தி, கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன விஷயமா வந்தீங்க அண்ணி? அவர் இல்லையே. அது தெரிஞ்சுதான் வந்தீங்களா?"

முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. ஆனாலும் நியாயமான கேள்வி.

"தெரிஞ்சுதான் வந்தேன். உன்னைப் பார்க்கணும்னுதான். அன்னிக்கு உன்கிட்ட பொய் சொன்னேன். வழி தவறலை. வேவு பார்க்கத்தான் வந்தேன். உன் வீட்டுலேருந்து ஒரு பொருளையும் எடுத்துட்டுப் போனேன். என்னை மன்னிச்சிடும்மா."

தம்பி மனைவி அவள் முகத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். ஒரு தையலைப் பிரிக்கலாமா விடலாமா என்று பார்க்கிற பார்வை. அப்படிப் பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்பது அக்காவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பார்வையைத் திருப்பிக்கொள்ளாமல் நின்றாள்.

"நீங்க வந்தீங்கன்னு அன்னிக்கு அக்கம்பக்கத்துல எல்லாம் பெருமையாச் சொன்னேன் அண்ணி" என்றாள் அவள். "பழம் குடுத்தீங்களே, அதைச் சாமி பிரசாதம் மாதிரி பசங்களுக்குப் பங்கு போட்டேன். நீங்க எதுக்கு வந்தீங்கன்னு அப்புறம்தான் அவர் சொன்னார்."

"தெரியும்."

"தெரியாது உங்களுக்கு." கதவை முழுசாகத் திறந்தாள். "வாங்க. டீ போடறேன். நாற்காலியில ஊசி கிடக்கும், பார்த்து உட்காருங்க."

டீ குடித்தார்கள். பிள்ளைகளின் படிப்பு, சீருடைத் துணியின் தரம், அக்காவின் முழங்கால் வலி என்று பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. தம்பி எந்தக் கிழமைகளில் சீக்கிரம் வருவான் என்று தம்பி மனைவி தானாகவே சொன்னாள். அந்த நாளில் மாமாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றும் சொன்னாள். அக்கா எழுந்தபோது தம்பி மனைவியும் எழுந்தாள். வாசலோடு நிற்காமல், வீட்டைச் சுற்றி வரும் மண் பாதை முழுக்கக் கூடவே நடந்து, வெளிக் கதவு வரைக்கும் வந்தாள். பின்பக்கமாகப் போகும் வழியை மறைத்தாற்போல் ஓர் அடி தள்ளியே நடந்தாள்.

வழியனுப்ப வந்தாளா, காவலுக்கு வந்தாளா என்று அக்கா கேட்கவில்லை. "பார்த்துப் போங்க அண்ணி" என்று சொல்லி அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடும் வரை தெருவில் நின்றுவிட்டு, பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.